ட்ரெண்ட் இருக்கு, பேட்ச் எங்கே?

வாசகர் கேள்வி - பதில்

சம்பா அறுவடை முடிந்து நெல் மில்லுக்குள் வரும் நேரம். இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் மில்லிலிருந்துதான், அதிலும் கம்ப்யூட்டர் பிரச்சினைதான். நெல் விலையைப் பற்றி ஒரே ஒருவர் கேட்டிருந்தார், அது என் இலாகா இல்லை.

மன்னார்குடி பக்கத்திலிருந்து ஒரு வாசகர்: சார், எங்களுடையது நவீன அரிசி ஆலை. நாலு ஊறல் தொட்டி, இரண்டு டிரையர். பிஎல்சி (வால்வு, மோட்டாரை இயக்கும் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர்), ஸ்காடா (அதைப் பார்த்து இயக்கும் திரை) போட்டு மூன்று வருஷம் ஆகிறது. போன வருஷம் மீட்டர் அளவுகளை நேரத்தோடு பதிந்து வைக்கும் ஹிஸ்டோரியன் சாப்ட்வேரும் வாங்கி, தொட்டி வெப்பம், ஸ்டீம் பிரஷர், டிரையர் காற்றின் சூடு எல்லாவற்றையும் அதில் இணைத்தோம். போன மாதம் ஒரு லோடு அரிசி நிறம் ஏறியிருக்கிறது, ஊறல் வாடை அடிக்கிறது என்று திரும்பி வந்துவிட்டது. முதலாளி, 'எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்குன்னியே, எந்த அவியல்ல தப்புன்னு காட்டு' என்கிறார். திரையில் கோடு கோடாகத் தெரிகிறது, அவ்வளவுதான். நான் என்ன சொல்ல?

முதலாளி கேட்டதில் தப்பில்லை, நீங்களும் பொய் சொல்லவில்லை. ஹிஸ்டோரியனுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இந்த நொடியில் இந்த மீட்டரில் இந்த அளவு இருந்தது. அந்த நேரம் தொட்டிக்குள் கிடந்தது யார் வீட்டு நெல், எத்தனை மணிக்கு உள்ளே விழுந்தது, எதற்காகக் காத்துக் கிடந்தது என்பதையெல்லாம் அதனிடம் யாரும் சொல்லவில்லை. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை மாதிரி ராப்பகலாக ஓடிக்கொண்டே இருக்கும் இடங்களுக்கு இந்த நேரக் கணக்கே பெரும்பாலும் போதும், இந்த வகை சாப்ட்வேர் வளர்ந்ததும் அந்த மாதிரி ஆலைகளில்தான். உங்கள் மில்லில் ஓட்டம் அப்படி இல்லை. நெல்லை நிரப்பு, ஊற வை, தண்ணீரை வடி, ஸ்டீம் விடு, இறக்கு, மறுபடி நிரப்பு என்று விட்டு விட்டு நடக்கிற வேலை. ஒரு தொட்டியை ஒரு தடவை நிரப்பி இறக்கினால் அது ஒரு பேட்ச். நாலு தொட்டியும் ஒரே நேரத்தில் நாலு வேலையில் இருக்கும்.

உங்கள் லோடு விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சுடுதண்ணீர் ஊறலில் 65 முதல் 70 டிகிரி, 3 முதல் 4 மணி நேரம் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. இரண்டு டிரையரும் காலியாகவில்லை, மூன்றாவது தொட்டி ஊறி முடிந்தும் ஆறு மணி நேரம் தண்ணீரிலேயே கிடந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரம் ட்ரெண்டை, அதாவது திரையில் ஓடும் அந்தக் கோட்டைப் பார்த்தால் என்ன தெரியும்? 66 டிகிரியில் நூல் பிடித்த மாதிரி ஒரு நேர்கோடு. அலாரம் அடிக்காது, சிவப்பு விளக்கு எரியாது, பார்க்கிறவர் 'அடடா, எவ்வளவு சீராக இருக்கிறது' என்று பாராட்டக்கூடச் செய்வார். உள்ளே நெல் நிறமும் வாடையும் ஏறிக்கொண்டிருக்கும். அவித்த நெல் சூட்டோடு தொட்டியிலேயே தங்கினாலும் நிறம் ஏறும், அதுவும் ட்ரெண்டில் தெரியாது. நான் பார்த்தவரை பேட்ச் ஆலைகளில் பாதித் தப்பு இப்படி ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் காத்திருக்கிற நேரத்தில்தான் நடக்கிறது, அந்தக் காத்திருப்பு எந்த சென்சாரிலும் வராது.

அதனால் இருக்கிற டேக் (ஹிஸ்டோரியனில் ஒவ்வொரு அளவுக்கும் வைத்த பெயர்) போதும், இன்னும் நூறு வெப்பமானி வாங்க வேண்டாம். ஒவ்வொரு தொட்டிக்கும் மூன்றே மூன்று விஷயம் புதிதாக வேண்டும்: பேட்ச் எண், இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதற்கு ஒரு எண், உள்ளே இருக்கிற ரகம். சி.ஆர். 1009 குண்டு நெல்லுக்கும் ஆடுதுறை 43 சன்ன ரகத்துக்கும் ஒரே ஊறல் கணக்கு வைத்துப் பார்க்க முடியாது, அதற்காகத்தான் ரகம். கட்டம் என்று நான் சொல்வதைப் பேட்ச் கண்ட்ரோல் ஆட்கள் ஃபேஸ் என்பார்கள். 1995-ல் வந்த ஐஎஸ்ஏ-88 என்ற தர வரையறை இதற்கு ஒரு அடுக்கே வைத்திருக்கிறது: புரொசீஜர், அதற்குள் யூனிட் புரொசீஜர், அதற்குள் ஆபரேஷன், கடைசியில் ஃபேஸ். அரிசி மில்லுக்கு நாலு அடுக்கும் வேண்டாம். 'காலி, நிரப்பல், ஊறல், வடித்தல், அவியல், காத்திருப்பு, இறக்கல்' என்று ஏழு ஃபேஸ் வைத்தால் போதும். காத்திருப்பை மட்டும் மறக்காதீர்கள், பலரும் ஊறல் முடிந்ததும் நேராக வடித்தல் என்று போட்டுவிட்டு, நடுவில் போன நேரத்தை ஊறல் கணக்கிலேயே மறைத்துவிடுகிறார்கள்.

பேட்ச் எண் எங்கே பிறக்க வேண்டும் என்பதுதான் அடுத்த கேள்வி. என் கதை ஒன்று. தொண்ணூறுகளில் நான் வேலை பார்த்த ஒரு ரசாயன ஆலையில் ஆபரேட்டர் கையால் பேட்ச் எண் தட்டினால்தான் அடுத்த ஸ்டெப் போகும் என்று புரோகிராம் எழுதினேன். ரொம்பப் பெருமையாக. மூன்று மாதம் கழித்து ரிப்போர்ட் எடுத்தால் ராத்திரி ஷிப்டில் நடந்த அத்தனை பேட்சுக்கும் ஒரே எண், 1. தப்பு அவர்கள் மேல் இல்லை. கையில் கிரீஸ், எதிரில் ஒரு பழைய கீபோர்டு, எந்த எண் போட்டாலும் ஏற்றுக்கொள்ளும் திரை. அன்றிலிருந்து எண்ணைப் பிஎல்சியே உண்டாக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நிரப்பல் தொடங்கும்போது ஒன்று கூட்டிக்கொள்ளட்டும், ஆபரேட்டர் ரகத்தை மட்டும் தொட்டுத் தேர்ந்தெடுத்தால் போதும்.

அந்த எண்ணை 16 பிட்டில் வைக்காதீர்கள், 32,767 வந்ததும் நின்றுவிடும், இல்லையென்றால் மைனஸில் போய்விடும். ஒரு நாளைக்கு 16 பேட்ச் என்றால் ஐந்தரை வருஷத்தில் அந்த நாள் வந்துவிடும், அன்றைக்கு நீங்கள் அங்கே வேலையில் இருப்பீர்களா தெரியாது, வரப்போகிற பையன் உங்களைத் திட்டுவான். 32 பிட்டில் வையுங்கள். ஆனால் பிஎல்சியும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் மாட்பஸ் என்ற முறையில் 32 பிட் என்பது இரண்டு ரிஜிஸ்டர், அதாவது இரண்டு 16 பிட் அறை. இரண்டையும் ஒரே கோரிக்கையில் சேர்த்துப் படிக்க வேண்டும், தனித்தனியாகப் படித்தால் ஒரு பாதி பழைய எண்ணாகவும் மறுபாதி புதிய எண்ணாகவும் வந்து, இல்லாத பேட்ச் ஒன்று பிறந்துவிடும். எந்தப் பாதி முதலில் என்பதும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரு தெரிந்த எண்ணை எழுதி, எதிர்ப்பக்கம் அதே எண் வருகிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

இன்னொரு கண்ணி, இதில் விழாதவர் குறைவு. ஹிஸ்டோரியன் இடத்தை மிச்சப்படுத்த அழுத்திச் சேமிக்கும். வெப்பம் நேர்கோடாகப் போனால் நடுப்புள்ளிகளை விட்டுவிட்டு இரண்டு முனையை மட்டும் வைத்துக்கொள்ளும், கேட்கும்போது நடுவில் கோடு போட்டுக் காட்டும். வெப்பத்துக்கு அது சரி. ஃபேஸ் எண்ணுக்கு அதையே விட்டால் என்ன ஆகும்? காலையில் 3, மத்தியானம் 5 என்று இரண்டு புள்ளி இருந்தால், பத்தரை மணிக்கு 'ஃபேஸ் 3.8' என்று சொல்லும். ஊறலும் இல்லாமல் அவியலும் இல்லாமல் ஒரு கட்டம்! பேட்ச் எண், ஃபேஸ், ரகம் மூன்று டேகுக்கும் அழுத்தலை நிறுத்திவிட்டு, படிக்கட்டு மாதிரி காட்டு என்ற ஸ்டெப் அமைப்பைப் போடுங்கள். பெயர் சாப்ட்வேருக்கு சாப்ட்வேர் மாறும், அமைப்பு பெரும்பாலானவற்றில் இருக்கும்.

அப்புறம் டிரையர். இரண்டு தொட்டி நெல் ஒரே டிரையரில் விழுந்தால் எந்த எண்ணைப் போடுவது? இரண்டையும் போடக்கூடாது, ஒன்றையும் போடக்கூடாது. டிரையருக்குத் தனி எண் கொடுத்து, '412-ம் 413-ம் சேர்ந்து டிரையர் 88 ஆனது' என்று ஒரு சின்ன அட்டவணையில் எழுதி வையுங்கள். லோடு திரும்பி வந்தால் மூட்டையிலிருந்து டிரையர், டிரையரிலிருந்து தொட்டி என்று பின்னாலேயே போகலாம்.

போன மாத லோடுக்கு இது உதவாது, அது போனது போனதுதான். ஆனாலும் வால்வு திறந்து மூடிய டேகுகள் ஹிஸ்டோரியனில் இருந்தால், ஸ்டீம் வால்வு திறந்த நேரத்திலிருந்து தண்ணீர் நிரம்பிய நேரத்தைக் கழித்துப் பாருங்கள். காத்திருப்பு அதில் ஒளிந்திருக்கும்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: சார், புராஜெக்டுக்கு எட்டு சென்சார் வைத்து ஒரு டிரையர் மாடல் செய்கிறோம். ஹிஸ்டோரியன் எதற்கு, மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் போதாதா என்று கைடிடம் கேட்டேன், 'இண்டஸ்ட்ரில அப்படித்தான்மா' என்றார். எனக்கு அந்தப் பதில் போதவில்லை.

எனக்கும் போதவில்லை. கணக்குப் போட்டுப் பாரும்மா. 200 டேகை நொடிக்கு ஒரு தடவை எழுதினால் ஒரு நாளைக்கு 1 கோடியே 72 லட்சத்து 80 ஆயிரம் வரிசை. சாதாரண டேட்டாபேஸும் இதை எழுதும், ஆனால் ஒரு வருஷம் கழித்து 'மார்ச் மாத சராசரி கொடு' என்றால் டீ குடித்துவிட்டு வரலாம். ஹிஸ்டோரியன் நேர வரிசையிலேயே அடுக்கி, அழுத்தி வைப்பதால் உடனே கொடுக்கும். மறுபக்கம் பேட்ச் எண், ரகம், தொடக்கம், முடிவு, யார் ஷிப்ட், ஈரப்பதம் எவ்வளவு என்பதெல்லாம் அட்டவணைக்கு உரிய விஷயம், அதற்கு மைஎஸ்கியூஎல் அருமையாக இருக்கும். ஆலைகளிலும் பெரும்பாலும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும்: அட்டவணையில் பேட்சின் தொடக்கமும் முடிவும் எடுத்து, அந்த இரண்டு நேரத்துக்கு நடுவில் உள்ள கோட்டை ஹிஸ்டோரியனிடம் கேட்பது. உங்கள் மாடலில் எட்டு சென்சார்தானே, மைஎஸ்கியூஎல் ஒன்றே தாராளம். கைடிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து: விடிகாலை 4 மணிக்குத் தொடங்கின பேட்ச், ரிப்போர்ட்டில் முந்தின நாள் ராத்திரி 10.30 என்று வருகிறது. சாப்ட்வேர் போட்ட தம்பி 'சர்வர் மாத்தணும்ணே' என்கிறார். மாற்ற வேண்டுமா?

தம்பியை உட்கார வைத்து ஒரு காபி கொடுங்கள், சர்வரை மாற்ற வேண்டாம். ஐந்தரை மணி நேர வித்தியாசம் என்றாலே யூடிசி. ஹிஸ்டோரியன் உள்ளே உலகப் பொது நேரத்தில்தான் எழுதி வைக்கிறது, அது சரியான பழக்கம். நம் நேரத்துக்கு மாற்றும் வேலையை ரிப்போர்ட் எழுதினவர் மறந்திருக்கிறார். இதில் பெரிய ஆபத்து நேரம் தப்பாகத் தெரிவது இல்லை, தேதி மாறிப் போவது: அன்றைய உற்பத்திக் கணக்கில் விடிகாலை 5.30-க்கு முன்னால் தொடங்கின அத்தனையும் நேற்றைக்குப் போய்விடும், மாதக் கடைசியில் கணக்குப் பிள்ளைக்கும் உங்களுக்கும் சண்டை.

அதோடு பிஎல்சி, ஸ்காடா கம்ப்யூட்டர், ஹிஸ்டோரியன் மூன்றிலும் கடிகாரம் ஒன்றாக ஓடுகிறதா என்று பாருங்கள். மாட்பஸ் நேரத்தைச் சேர்த்து அனுப்பாது, படிக்கிற கம்ப்யூட்டர் தன் நேரத்தைப் போட்டுக்கொள்ளும். ஓபிசி யூஏ என்ற புதிய இணைப்பு முறையில் மூலத்தில் போட்ட நேரமும் சர்வர் போட்ட நேரமும் தனித்தனியாக வரும், மூல நேரத்தை எடுங்கள். எல்லாவற்றையும் கடிகாரத்தைச் சரிசெய்து கொடுக்கும் ஒரே என்டிபி சர்வரோடு கட்டிவிட்டால் இந்தத் தலைவலி போகும்.

மின்சாரம் போனால் டேட்டா என்ன ஆகும் என்றும் ஓரத்தில் கிறுக்கியிருக்கிறீர்கள். நெட்வொர்க் மட்டும் அறுந்தால், டேட்டா சேகரிக்கிற கம்ப்யூட்டர் தன் டிஸ்கில் சேர்த்து வைத்து, இணைப்பு வந்ததும் அனுப்பும், அந்த வசதி ஆன் செய்திருக்கிறதா என்று கேபிளைப் பிடுங்கிப் பார்த்தே சோதியுங்கள், பேப்பரில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். அந்தக் கம்ப்யூட்டரே அணைந்தால் அது உதவாது. அதற்கு நான் செய்வது, கடைசி 50 பேட்சின் சுருக்கத்தை (எண், ரகம், ஒவ்வொரு ஃபேஸுக்கும் தொடக்க நேரம்) பேட்டரி காக்கும் பிஎல்சி நினைவிலேயே சுற்றுச் சுற்றாக எழுதி வைப்பது, கம்ப்யூட்டர் எழுந்ததும் விட்டதைப் படித்துக்கொள்ளும். 2018 நவம்பர் 16 கஜா புயல் அடித்த பிறகு நம் பக்கம் நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அந்த மாதிரி சமயத்துக்கு இதுவும் போதாது. அப்போது நோட்டுதான்.

தஞ்சாவூர், சர்க்கரை ஆலையில் இன்ஸ்ட்ரூமென்ட் பகுதியில் இருந்து ஓய்வு பெற்ற வாசகர்: பான் பாய்லிங்கை (பான் என்ற பாத்திரத்தில் பாகைக் காய்ச்சிச் சர்க்கரைக் குருணை கட்டும் வேலை) ஹிஸ்டோரியனில் பேட்ச்சாகக் காட்ட நாங்கள் அந்தக் காலத்திலேயே முயன்று தோற்றோம். ஏன் என்று இன்றுவரை எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, உங்கள் பதிலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

பரீட்சை வைக்கிறீர்கள் ஐயா. என் ஊகம், பேட்ச் எங்கே தொடங்குகிறது என்று வைத்ததில் தப்பு. ஒரு பானில் குருணை கட்டி, அதில் ஒரு பங்கை அடுத்த பானுக்கு வெட்டிக் கொடுத்து, அங்கே வளர்த்து, அதையும் வெட்டி என்று போகிற வேலை அது. வேக்குவம் ஏறினதைத் தொடக்கமாகவும் மசகியூட் (குருணையும் பாகும் கலந்த கூழ்) இறங்கினதை முடிவாகவும் வைத்தால், மூன்று பானில் இருக்கிற ஒரே குருணைக்கு மூன்று பிறந்தநாள் வந்துவிடும். மன்னார்குடிக்காரருக்கு டிரையருக்குச் சொன்ன அட்டவணைதான் இங்கும், என்ன, அங்கே இரண்டு சேர்ந்து ஒன்றாகிறது, இங்கே ஒன்று பிரிந்து பலவாகிறது. வெட்டு வால்வு திறக்கும் ஒவ்வொரு தடவையும் 'இதிலிருந்து அதற்கு' என்று ஒரு வரி. மார்க் எவ்வளவு என்று எழுதுங்கள்.

மயிலாடுதுறையிலிருந்து: பிஎல்சி டேட்டாவை ஹிஸ்டோரியனுக்குக் கொடுக்கும், பத்து வருஷமாக ஓடின ஓபிசி இணைப்பு, விண்டோஸ் அப்டேட்டுக்கு அப்புறம் ஒரே நாளில் நின்றது. 'ஆக்சஸ் டினைட்' என்கிறது. அப்டேட்டை எடுத்துவிடலாமா?

எடுக்காதீர்கள். பழைய ஓபிசி டிகாம் என்ற விண்டோஸ் வசதியின் முதுகில் ஓடுவது. அதில் இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைக்க மைக்ரோசாப்ட் 2021-ல் தொடங்கிப் படிப்படியாக இறுக்கி, 2023 மார்ச்சில் பழையபடி திருப்பிக்கொள்ளும் வழியையும் மூடியது. உங்கள் கம்ப்யூட்டர் நெடுநாள் அப்டேட் ஆகாமல் இருந்து இப்போது மொத்தமாகப் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உடனடி வழி, ஓபிசி சர்வர் இருக்கிற அதே கம்ப்யூட்டரில் ஹிஸ்டோரியனின் சேகரிப்பு சாப்ட்வேரைப் போடுவது. இரண்டும் ஒரே பெட்டிக்குள் பேசிக்கொள்ளும், வெளியே போகிற பயணத்தை ஹிஸ்டோரியன் தன் சொந்த வழியில் பார்த்துக்கொள்ளும். நிரந்தர வழி ஓபிசி யூஏ. 2008-லிருந்து இருக்கிறது, டிகாம் வேண்டாம், டிஜிட்டல் சான்றிதழ் வைத்துப் பேசுகிறது.

நீங்கள் கேட்காத ஒன்று: கடிதத்தில் பிஎல்சியை வீட்டிலிருந்து செல்போனில் பார்க்கிறேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அது எப்படி? ரவுட்டரில் போர்ட் திறந்துவிட்டா? சாதாரண மாட்பஸுக்குப் பாஸ்வேர்டு என்பதே கிடையாது, 1979-ல் பிறந்தபோது இன்டர்நெட் யார் கண்டது. இன்றைக்கே மூடுங்கள். செல்போனில் பார்க்க வேண்டியது ஹிஸ்டோரியனின் நகலை.

நீடாமங்கலத்திலிருந்து ஒரு ஆபரேட்டர்: அண்ணே, எங்க மில்லுல இந்த பேட்ச் ரிப்போர்ட் வந்ததுலேர்ந்து காலைல ஆபீஸ்ல கூப்பிட்டு 'நேத்து ராத்திரி ரெண்டு மணி நேரம் என்ன பண்ணினே'ன்னு கேக்குறாங்க. பாய்லருக்கு வந்த உமி ஈரம், ஸ்டீம் ஏறலை. அத யாரு எழுதுறது?

தம்பி, நியாயமான கேள்வி. இதை ரிப்போர்ட் எழுதினவர்தான் முதலில் யோசித்திருக்க வேண்டும். காத்திருப்பு என்று ஃபேஸ் வந்தால் எதற்காக என்பதும் சேர்ந்து வர வேண்டும். திரையில் நாலைந்து பெரிய பட்டன், 'டிரையர் காலி இல்லை', 'ஸ்டீம் இல்லை', 'கரண்ட் இல்லை', 'நெல் வரவில்லை', ஒன்றைத் தொட்டால் அந்தக் காரணம் பேட்ச்சோடு ஒட்டிக்கொள்ளும். அரை நாள் வேலை. அதுவரை ஸ்டீம் பிரஷர் ட்ரெண்டை உங்கள் பக்கம் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள், அந்த இரண்டு மணி நேரம் பிரஷர் எங்கே இருந்தது என்று அவர்கள் திரையிலேயே போட்டுக் காட்டுங்கள். அது உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதி வைத்திருக்கிறது. ஆபீஸில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: இப்படிக் காலையில் கூப்பிட்டு நிறுத்தினால் ஒரே வாரத்தில் ஆபரேட்டர்கள் 'ஊறல்' முடியாத மாதிரியே வைத்து ஓட்டக் கற்றுக்கொள்வார்கள், ரிப்போர்ட் அழகாக இருக்கும், லோடு திரும்பி வரும்.

திருவையாறு பக்கத்திலிருந்து: எங்களிடம் ஒரே தொட்டி, களத்தில்தான் காயப்போடுகிறோம். நாங்களும் ஹிஸ்டோரியன் போடலாமா?

வேண்டாம். ஒரு நீள நோட்டு வாங்கி ரகம், தண்ணீர் விட்ட நேரம், வடித்த நேரம், ஸ்டீம் விட்ட நேரம், களத்தில் கொட்டிய நேரம், அள்ளிய நேரம் என்று ஆறு கட்டம் போடுங்கள். சுவரில் ஒரு கடிகாரம் மாட்டுங்கள். ஆபீஸ் ரூமில் இன்னொன்று இருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள்.